இரைச்சலைத் துடைக்கலாமா?

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலை. தொழில்நுட்பம், பாட்டு, வீட்டு விஷயம் என்று எதைக் கேட்டாலும் நீங்கள் ஒளிக்காமல் கருத்துச் சொல்வதால் இதை எழுதுகிறேன். 1980களில் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் நடந்த வில்லுப்பாட்டுகளை அப்பா பேட்டரி போட்ட டூ இன் ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டியில்) பதிவு செய்து வைத்திருக்கிறார். ஒரு தகரப் பெட்டி நிறையக் கேசட்டுகள். அவற்றைக் கணினிக்கு மாற்றி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றால் இரைச்சலை நீக்கி, இடையிடையே வரும் அன்பளிப்பு அறிவிப்புகளை வெட்டிவிட்டு, யூடியூபில் ஏற்றலாம் என்று நினைக்கிறேன். எம்பி3 போதும் என்கிறார் அண்ணன். இழப்பில்லாத வடிவத்தில் கேட்காத பாட்டு பாட்டே இல்லை என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். உங்கள் கருத்து என்ன? கூடவே ஒரு சின்னக் கேள்வி: நிரல் எழுதும்போது நீங்கள் பாட்டுக் கேட்பதுண்டா?

மு., பெங்களூர்

அன்புள்ள தம்பி,

செயலியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டில் என்ன இருக்கிறதோ அதை, கரகரப்பும் அறிவிப்பும் கூட்டத்தின் கூச்சலும் உட்பட, இருக்கிறபடியே முதலில் ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பில் அதற்குப் பிறகு நீங்கள் உட்பட யாரும் கை வைக்கக் கூடாது. நீக்குவது, வெட்டுவது, மெருகேற்றுவது எல்லாம் நகலில் நடக்கட்டும். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்றாலும், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படும்.

முதலில் கருவி. கேசட்டை யூஎஸ்பி வழியாக நேரே கணினிக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி மலிவு விலையில் விற்கும் பெட்டிகளை வாங்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் மோட்டார் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பழைய கேசட் டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெல்ட்டை மாற்றச் சொல்லி, ஒலியை வெளியே எடுக்க அதிலுள்ள லைன் அவுட் துளையிலிருந்து கணினிக்கு எடுங்கள். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழையது அழியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு, பசை காய்ந்து விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் ஒலி அடங்கி அடங்கி வரும், நாடாவின் மேல் பழி போடுவோம். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரியும் கேசட்டுகளைத் தனியே ஒதுக்கி வையுங்கள்; அவற்றை முதலில் ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டும் பூஞ்சை நல்ல கேசட்டுகளுக்கும் போகும்.

ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். நாடாவுக்கு ஹெட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பதிவு செய்த இயந்திரத்தின் கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கேசட்டை ஓடவிட்டு, வில்லில் கட்டிய மணிகளின் ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் வரும்வரை அந்தத் திருகை மெல்லத் திருப்புங்கள். எந்தச் செயலியாலும் பிற்பாடு செய்ய முடியாத திருத்தம் இது. ஏனென்றால் கோணம் தவறினால் மேல் ஸ்தாயி ஒலிகள் கோப்புக்குள் வந்து சேர்வதே இல்லை.

அடுத்து, வடிவம். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் இந்தக் கேசட்டை வெளியிட்டபோது அது பேச்சைப் பதிவதற்கான கருவியாகவே கருதப்பட்டது. 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. இதில் பதியக்கூடியதைக் குறுந்தகட்டுத் தரம், அதாவது ஒலியை அளந்தெடுத்த மாதிரிகள் நொடிக்கு 44,100, மாதிரிக்கு 16 பிட், தாராளமாக அடக்கிக்கொள்ளும். 90 நிமிடக் கேசட் ஒன்று இந்தத் தரத்தில் ஏறக்குறைய 950 மெகாபைட் வரும். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் சுருக்கினால் பெரும்பாலும் அதில் பாதி. தகரப் பெட்டி முழுவதும் இன்றைய சாதாரண வன்தட்டின் ஒரு மூலையில் அடங்கிவிடும் நிலையில், மூலப்பிரதியை எம்பி3 ஆக வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. ஃபிளாக்கில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், சுருக்குவதற்கு முந்திய ஒலித்தரவின் எம்டி5 கையொப்பத்தை, அதாவது தரவிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை, கோப்பின் தலைப்பகுதியிலேயே அது எழுதி வைத்துக்கொள்கிறது. பத்து ஆண்டு கழித்துக் கோப்பு கெட்டிருக்கிறதா என்று ஒரே கட்டளையில் சரிபார்த்துவிடலாம்.

இனி நீங்கள் துடைக்க நினைக்கும் இரைச்சலுக்கு வருகிறேன். அடாசிட்டி போன்ற மென்பொருள்களில் உள்ள இரைச்சல் நீக்கி எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டு இல்லாத ஓரிரு நொடிகளைக் காட்டினால், எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று அது கணக்கெடுத்துக்கொண்டு, கோப்பு முழுவதிலும் அந்த அளவுக்குக் கீழே இருப்பதையெல்லாம் தணிக்கிறது. நாடாவின் சீறல் மேல் அதிர்வெண்களில்தான் மிகுதியாகக் காதில் விழும். வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் பட்டதும் குலுங்கும் மணிகளும் ஜால்ராவின் நீண்ட ஓசை தேய்ந்து மறையும் பகுதியும் அங்கேதான் இருக்கின்றன. சீறலோடு சேர்ந்து அவையும் போய்விடும். பேச்சைத் தெளிவாக்கவென்று பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. அவற்றின் கணக்கில் மனிதக் குரல் தவிர்ந்த அனைத்தும் இரைச்சல். குடம், உடுக்கு, கட்டை எல்லாம் அந்தப் பட்டியலில் அடங்கும். சில மாதிரிகள் கேட்காத இடத்தைத் தாமே இட்டு நிரப்பவும் செய்யும். வில்லுப்பாட்டை முன்னின்று பாடும் அண்ணாவி பாடிய சொல் தெளிவாக இல்லாத இடத்தில் இயந்திரம் தனக்குத் தெரிந்த ஒலியை வைத்துவிட்டால், நம் ஊர் உச்சரிப்பில் ஒரு தெய்வத்தின் பேரோ ஓடையின் பேரோ எப்படி ஒலித்தது என்பதை அந்தக் கோப்பிலிருந்து இனி ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.

அதைவிட முக்கியமாக, அந்த இரைச்சல் வெறும் குப்பையன்று. உங்கள் அப்பாவின் டூ இன் ஒன் பேட்டரியில் ஓடியதாகச் சொல்கிறீர்கள். இரவு நீள நீளப் பேட்டரி இறங்கும். பதிவாகும்போது நாடாவின் வேகம் குறையும். அதையே சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் கேட்டால், நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை நெருங்க நெருங்க அண்ணாவியின் குரல் மெலிந்து, சுருதி ஏறி, தாளம் விரைந்து வரும். கதை உச்சத்துக்குப் போவதால் பாட்டும் வேகமெடுக்கிறது என்றுகூட நாம் நினைத்துக்கொள்ளலாம்! எது பாட்டின் வேகம், எது பேட்டரியின் சோர்வு என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. ரேடியோ செட், அதாவது கொடையின் ஒலிபெருக்கி அமைப்பு, மின்சாரத்தில் ஓடியிருந்தால், அதன் உறுமல் 50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் பதிவாகியிருக்கும். குழாய் ஒலிபெருக்கி அடி ஒலிகளைத் தராது என்பதால் 50ஐத் தேட வேண்டாம். எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து 300, 400 என்று மேலுள்ள மடங்குகளில் மெல்லிய கிடைக்கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கோடு நேராகப் போனால் வேகம் மாறவில்லை. 300இல் தொடங்கிய கோடு கேசட் முடியும்போது 315இல் நின்றால் வேகம் 5 விழுக்காடு பிசகியிருக்கிறது என்று பொருள். அந்தக் கோட்டை நேராக்கினால் பாட்டும் நேராகிவிடும். அந்தக் காலத்தில் தென்னக மின்தொகுப்பின் அதிர்வெண்ணே 50க்குக் கீழே இறங்குவது சகஜம் என்பதால், இந்த முறையில் ஓரிரு விழுக்காடு பிழை இருக்கத்தான் செய்யும். ஜெனரேட்டர் வைத்து நடத்திய கொடை என்றால் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஆனால் உறுமலை முதலிலேயே துடைத்துவிட்டால், இந்த அளவுகோலும் அதோடு போய்விடும். நிரலாளர்களாகிய நாம், நிரல் ஓடும்போது எழுதப்படும், பிழைச் செய்திகள் நிறைந்த பதிவுக் கோப்பை (லாக்), படிக்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக அழிப்பதில்லை அல்லவா?

அன்பளிப்பு அறிவிப்புகளை வெட்டவே வேண்டாம். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை நம் கதைப்பாடல்கள் பலவற்றைப் பதிப்பித்து அச்சில் தந்திருக்கிறார். சுடலைமாடன் கதையைப் பாடுபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒரு குறிப்பிட்ட கொடை இரவில் யார் எவ்வளவு கொடுத்தார்கள், அவர்களில் யார் மும்பையிலிருந்து வந்திருந்தார்கள், பாட்டை நிறுத்திப் பேர் சொல்லும்போது அண்ணாவி யாரை எப்படிக் கேலி செய்தார் என்பதெல்லாம் வேறு எங்கே கிடைக்கும்? எந்தெந்தக் குடும்பம் எந்த ஆண்டுவாக்கில் ஊரைவிட்டுப் போனது என்பதுகூட அதில் இருக்கலாம். யூடியூப் நகலில் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கொஞ்சம் விட்டுவைப்பது நல்லது என்பேன்.

உங்கள் அண்ணனும் நண்பர்களும் போடும் சண்டையில் நான் அண்ணன் கட்சி, பாதுகாப்பதில் மட்டும் நண்பர்கள் கட்சி. எம்பி3 வடிவத்துக்குப் பின்னால் இருப்பவர்களில் முதன்மையானவர்கள் ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வகத்தார். உரத்த ஒலி, அதற்கு அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காதிலிருந்து மறைத்துவிடும் என்ற உண்மையை வைத்து, கேட்காததைச் சேமிக்காமல் விடுவது அவர்கள் வழி. நொடிக்கு 128 கிலோபிட்டில் இது குறுந்தகட்டுத் தரவில் ஏறக்குறைய 11இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்த அளவில் குறை தெரியவே செய்யும். 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 26 மில்லிநொடித் துண்டுகளாக ஒலியை எடுத்துக்கொள்வதால், குடத்தில் அடி விழுவதற்குச் சற்று முன்னாலேயே ஒரு பொடிச் சீறல் சில நேரம் தலைகாட்டும். 256க்கு மேல் போய்விட்டால் கண்ணைக் கட்டி வைத்த சோதனையில் உங்கள் நண்பர்களில் பெரும்பாலோர் தோற்பார்கள் என்றே நினைக்கிறேன். எது எந்தக் கோப்பு என்று சொல்லாமல் கேட்கவைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஏபிஎக்ஸ் சோதனைக்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஒரு மதிய உணவு இடைவேளையில் நடத்திப் பாருங்கள். பல முறை மாற்றி மாற்றித் திருத்த வேண்டிய கோப்புக்கு இழப்பில்லாத வடிவம் வேண்டும். காதால் கேட்பதற்கு அது பெரும்பாலும் மனநிறைவு மட்டுமே. வரும் கொடைக்கு ரேடியோ செட்டுக்காரரிடம் கொடுக்க எம்பி3 தாராளம்.

நிரல் எழுதும்போது பாட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறர் எழுதிய நிரலைப் படிக்கும்போதும் பிழை தேடும்போதும் ஒன்றும் கேட்பதில்லை. மின்விசிறிச் சத்தமே போதுமானது. சொற்கள் உள்ள பாட்டு, அதுவும் தமிழ்ப் பாட்டு, எனக்கு வேலை நேரத்துக்கு ஆகாது, மனம் சொல்லின் பின்னால் போய்விடும். மாறிகளின் பெயரை மாற்றுவது, சோதனை நிரல்களை ஓடவிட்டுக் காத்திருப்பது போன்ற வேலைகளுக்குக் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். 1921இல் பிறந்து 1964இல் மறைந்துவிட்ட அவருடைய பதிவுகள் எல்லாமே டிஜிட்டலுக்கு மிக முந்தியவை. கரகரப்பு இல்லாத ஒன்றை நான் கேட்டதில்லை. அதற்காக எந்த ஆலாபனையையும் பாதியில் நிறுத்தியதும் இல்லை.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் கவனமாக இருங்கள். ‘கொடை’ என்று தமிழில் பெயரிட்டால், அந்த ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று கிடைக்கும் மற்றது கிடைக்காது. ஆகவே கோப்புப் பெயரில் கேசட் எண், பக்கம் மட்டும் இருக்கட்டும். அண்ணாவியின் பெயர், குடம் அடித்தவர், ஆண்டு, கதை, அப்பா நினைவிலிருந்து சொல்லும் மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் ஒரு வெறும் உரைக் கோப்பில் தமிழில் எழுதி அதே கோப்புறையில் வையுங்கள். கேசட் அட்டையில் அப்பா பேனாவால் எழுதியிருப்பதையும் படம் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.

யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால் அண்ணாவியின் குடும்பத்தாரிடமும் கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாமியாடிகள் குறி சொல்லும் பகுதிகளில் வீட்டு விவகாரங்கள் பேர் சொல்லி வரும். அவற்றைப் பொதுவில் வைக்க ஊரார் ஒப்பமாட்டார்கள், ஒப்பாததே நியாயம். முழுப் பிரதிக்கு வேறு இடம் தேடலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்று ஒரு துறையே இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். கொடுப்பதாக இருந்தால் ஃபிளாக் கோப்புகளையும் உரைக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கேசட்டுகள் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.