பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறேன், இன்ஜினில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், வார இறுதியில் கூரையைத் திறந்து ஓட்ட முதல் அல்லது இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 தேடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினைக் கடைசியில் பாருங்கள். ஆயில் ஒழுங்காக மாற்றிய இன்ஜின் இந்தக் காரில் லேசில் சாகாது. பாடிதான் முதலில் போகும். இன்ஜின் கெட்டால் வேறொன்றை மாற்றிப் போடலாம், பாடி துருப்பிடித்தால் வெல்டிங் செலவு காரின் விலையையே தாண்டிவிடும்.

துரு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். துணிக்கூரையில் விழும் மழை பின்பக்கமாக வடிந்து, சீட்டுக்குப் பின்னால் சீட் பெல்ட் பொருத்திய இடத்தருகே உள்ள வடிகால் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் தகட்டின் உள்ளேயும் போய்த் தங்கிவிடும். தகடு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு பாட்டில் தண்ணீர் போதும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, கூரையை மூடி, பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் கூரை பாடியைச் சேரும் மூலையில் அரை லிட்டரை மெதுவாக ஊற்றுங்கள். கூட வந்தவர் குனிந்து அடியில் பார்க்கட்டும். சில நொடிகளில் சொட்ட ஆரம்பித்தால் குழாய் திறந்திருக்கிறது. சொட்டவில்லையென்றால் சீட்டை முன்னால் தள்ளி, பின்னாலிருக்கும் கார்ப்பெட்டில் டிஷ்யூ பேப்பரை அழுத்தி எடுங்கள், ஈரம் காட்டிக்கொடுக்கும். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். வாங்கிய பிறகு அடைப்பை எடுக்கப் புல்வெட்டியின் நைலான் நரம்பு நல்லது. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். குழாய் கிழிந்தால் தண்ணீர் நேராக உள்ளேதான் போகும்.

அடுத்து சில் தகட்டின் பின்முனை, அதாவது பின்சக்கர வளைவுக்குச் சற்று முன்னால். கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள், ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், பட்டி பூசிய இடம் தொப்பென்று கேட்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் அங்கே ஒட்டாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் கறுப்பு அடிப்பூச்சு புதிதாக மின்னினால் வெல்டிங் செய்தபோது எடுத்த படங்களையும் பில்லையும் கேளுங்கள். துருவை வெட்டி எடுக்காமல் மேலே தகடு வைத்து ஒட்டும் வேலை நிறைய நடக்கிறது.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையில் இன்னொரு இடமும் உண்டு: முன்பக்க சேஸிஸ் நீளக்கட்டைகள். அங்கே தகடு இரண்டு அடுக்கு, நடுவே ஈரமும் ரோட்டு உப்பும் தங்கும். டார்ச் அடித்து அடியில் பாருங்கள். தகடுகள் சேரும் ஓரம் உப்பியிருந்தால் எவ்வளவு பளபளப்பான கார் என்றாலும் விட்டுவிடுங்கள். முதல் தலைமுறையில் இந்தத் தொல்லை குறைவு.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, நம்பர் பிளேட்டைப் போட்டு அரசாங்க இணையதளத்தில் எம்ஓடி (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் படியுங்கள், இலவசம்தான். ஒரு வருடம் கரோஷன் (துரு) என்று எழுதி, அடுத்த வருடம் அந்தச் சொல்லே இல்லையென்றால் நடுவில் என்ன வேலை நடந்தது என்று விசாரியுங்கள். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் ரோட்ஸ்டர் (அங்கே எம்எக்ஸ்-5க்கு வைத்த பெயர்) என்றால் இந்த வரலாறு இறக்குமதிக்குப் பிறகுதான் தொடங்கும், அதற்கு முந்தைய ஓட்டத்துக்கு ஜப்பான் காகிதம் இருக்க வேண்டும்.

இப்போது இன்ஜின். காரை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் சத்தம் வந்து சூடானதும் அடங்கினால், முதல் தலைமுறையில் அது ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது வால்வு இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் பாகம். ஆயில் மாற்றினாலே பெரும்பாலும் குறையும், பயப்பட வேண்டாம். உண்மையில் பயப்பட வேண்டியது 1989 முதல் 1991 நடுப்பகுதி வரையிலான 1.6 லிட்டர் இன்ஜினின் கிராங்க் தண்டின் முன்நுனிக்கு. அங்கே புல்லி நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு அமரும் பள்ளம் தேய்ந்து புல்லி ஆடத் தொடங்கும். கிராங்க் புல்லியின் முகப்பில் நான்கு வெட்டு இருந்தால் பழைய சிறிய நுனி, எட்டு இருந்தால் பிந்தையது. நான்கு என்றால் இன்ஜின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று குனிந்து பாருங்கள். டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மேல்தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் சீக்கிரம் வெடிக்கும்.

இரண்டு தலைமுறையிலும் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. வாயு வெளியேறக் குழாய் மாட்டக்கூடிய, சீல் செய்த வகையே போட வேண்டும். மலிவான சாதாரண பேட்டரி இருந்தால் அதைத் தூக்கி, அமிலம் அடித்தளத்தை அரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் தலைமுறைக் கூரையின் பின்ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை மடிக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வைக்க வேண்டும், குளிரில் அவசரமாக மடித்தால் வெடிப்பு விழும். விற்பவரையே ஒருமுறை மடிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் ஜிப்பைத் தொடாமல் மடித்தால், கார் இதுவரை எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது புரிந்துவிடும்.

ஓட்டும்போது குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது சகஜம். 15 நிமிடம் ஓட்டிய பிறகும் கரகரத்தால் கியர்கள் சத்தமின்றிச் சேர உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதி பஞ்சுபோல் இருந்தால் கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கும். அது மலிவான பாகம், அதற்காகக் காரை ஒதுக்க வேண்டாம். டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் மட்டும் நிதானியுங்கள். சஸ்பென்ஷனில் அலைன்மென்ட் (சக்கரக் கோணம்) சரிசெய்யும் நீள போல்ட்டுகள் துருவில் இறுகிப்போயிருக்கலாம். அவற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும், ஒரு போல்ட்டுக்கே அரை நாள் போய்விடும்.