இசைக் கேள்வி பதில்: எனக்குப் பிடித்த ராக், பாப் பாடல்கள்

கேள்வி: இந்தப் பகுதியில் பெரும்பாலும் தமிழ்த் திரையிசையைப் பற்றியே எழுதி வருகிறீர்கள். ராக், பாப் பாடல்களையும் விரும்பிக் கேட்பவர் என்று ஓர் இதழில் குறிப்பிட்டிருந்தீர்கள். உங்களுக்குப் பிடித்தவற்றைச் சொல்ல முடியுமா? எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மகிழ்ச்சியோடு சொல்கிறேன். ஆனால் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தப் போவதில்லை. அத்தகைய பட்டியல்களில் பாட்டின் பெயரும் ஓர் எண்ணும்தான் கிடைக்கும். ஒரு பாட்டை இன்னொருவருக்குக் கொடுப்பவர், அதில் எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல்லவி, இடையிசை, சரணம் என்ற அமைப்பில் பழகிய காதுகள் நம்முடையவை. அவற்றுக்கு எது உடனே பிடிபடும், எது முற்றிலும் புதிதாக இருக்கும் என்பதை மனத்தில் வைத்தே இவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பீட்டில்ஸ் குழுவின் 'நார்வீஜியன் வுட்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். 1965ஆம் ஆண்டு வெளிவந்த இப்பாட்டு இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். கிட்டார் வாசிக்கும் மெட்டோடு சேர்ந்து ஜார்ஜ் ஹாரிசனின் சிதார் ஒலிக்கிறது. ரவிசங்கரிடம் அவர் பாடம் கேட்கத் தொடங்கியது அதற்கு மறு ஆண்டில்தான். ஆனால் சிதார் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதை நான் பரிந்துரைக்கவில்லை. தொடக்க மெட்டு நம் ஹரிகாம்போதி இராகத்தின் சுர வரிசையில் செல்கிறது. நடுப்பகுதிக்கு வரும்போது காந்தாரம் இறங்கி, கரஹரப்ரியாவின் சுர வரிசைக்கு மாறுகிறது. பாட்டின் முகமே அந்த இடத்தில் வாடிப் போவதையும், மீண்டும் பழைய மெட்டுக்குத் திரும்பும்போது வெளிச்சம் வருவதையும் கர்நாடக இசையில் சிறிது பழக்கம் உள்ளவர்கள் முதல் முறையிலேயே உணர்ந்துவிடுவார்கள். இராகம் பாட வேண்டும் என்று எண்ணி அவர்கள் இதை அமைக்கவில்லை. ஆயினும் நமக்கு உள்ளே நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சொடி' (1975). பாடியவரும் எழுதியவருமான ஃபிரெடி மெர்குரி சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிராவின் பஞ்சகனியில் உள்ள விடுதிப் பள்ளியில் படித்தவர். ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் இந்தப் பாட்டில் பல்லவி என்று ஒன்று கிடையாது. பியானோவோடு மெதுவாகத் தொடங்கி, கிட்டாருக்குப் போய், திடீரென்று மேடை நாடகம் போன்ற ஒரு பகுதிக்குள் நுழைந்து, அங்கிருந்து முழு ராக் இசையாக வெடித்து, கடைசியில் மறுபடியும் அடங்குகிறது. நாடகப் பகுதியில் ஒரு பெரிய பாடகர் கூட்டமே இருப்பதாகத் தோன்றும்; உண்மையில் மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகிய மூவரின் குரல்களைத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக மீண்டும் மீண்டும் பதிவு செய்து அடுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நீளமான பாட்டை வானொலிகள் ஒலிபரப்புமா என்று அப்போது பலர் தயங்கினார்கள். அது பிரிட்டனில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. திரும்பி வரும் பல்லவியை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பாட்டு போகும் பக்கமெல்லாம் கூடவே போனால் போதும்.

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வை (1976) நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் ஊரில் கிட்டார் வைத்திருப்பவர் வாசிக்காமல் விடாத பாட்டு அது. பாடல் வரிகள் முடிந்த பிறகு வரும் இரண்டு நிமிடத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் முதலில் மாறி மாறி வாசிக்கிறார்கள், பிறகு ஒன்றாகச் சேர்கிறார்கள். கோயில் திருவிழாவில் இரட்டை நாயனக்காரர்கள் மாறி மாறி வாசித்து ஒன்றாக இணையும்போது எழும் அதே நிறைவு எனக்கு இங்கே கிடைக்கிறது.

மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டில் தொடக்கம்தான் எல்லாம். முதலில் டிரம் மட்டும், பிறகு பாஸ் கிட்டார், அதன் மேல் வேறு ஒலிகள் என்று ஒவ்வொன்றாக வந்து அமர்ந்து, அரை நிமிடம் நெருங்கும்போதுதான் குரல் வருகிறது. இப்பாட்டு இடம்பெற்ற இசைத் தொகுப்பைத் தயாரித்த குவின்சி ஜோன்ஸ் இந்தத் தொடக்கத்தைச் சுருக்கச் சொன்னபோது, அதைக் கேட்டால்தான் தனக்கு ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் விட்டுக்கொடுக்க மறுத்தார். 1996 அக்டோபரில் அவர் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்குக்கு வந்து பாடியதைப் பற்றி இன்றும் பேசாதவர்கள் குறைவு. ஃபிலீட்வுட் மேக் குழுவின் 'டிரீம்ஸ்' (1977) இதற்கு நேர்மாறு. ஏறக்குறைய முழுப் பாட்டும் இரண்டே கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளில்) நகர்கிறது. ஸ்டீவி நிக்ஸ் தம் காதல் முறிவைப் பற்றி எழுதிய பாட்டுக்கு, அந்த முறிவின் மறுபக்கத்தில் நின்ற லிண்ட்சி பக்கிங்காமே கிட்டார் வாசித்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அந்தக் கிட்டார் வேறு மாதிரி ஒலிக்கும்.

மலேசியர் யாரும் இல்லாமல் என் பட்டியல் நிறைவடையாது. 1960களின் இறுதியில் பினாங்கில் உருவான ஆலிகேட்ஸ் குழுவை நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். மலாய் பாப் இசையின் மிக இனிய குரல்களில் இரண்டு அந்த ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? 'ஹிங்கா அகிர் நந்தி' என்ற பாட்டைக் கேளுங்கள். தொண்டையை அழுத்தாமல், ஒவ்வொரு வரியின் இறுதியிலும் குரலைத் தளர விடும் அந்தப் பாணியில் எனக்கு ஆழ்ந்த பற்று உண்டு. லோகநாதன் 2007இல் மறைந்தார். அதே கையோடு 'சென்யும்லா கோலாலம்பூர்' பாட்டையும் கேளுங்கள்; தலைநகரின் பெயரைச் சொல்லும் பாடல்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். மலாய் ராக் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு செர்ச் குழுவின் 'இசபெல்லா' (1989) ஒன்றே போதும்.

கேள்வி: ஆங்கிலச் சொற்கள் வேகமாக ஓடுவதால் எனக்குப் பாதிதான் புரிகிறது. பொருள் தெரியாமல் கேட்பதில் பயன் உண்டா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: நிச்சயமாக உண்டு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி எழுதிய 'யெஸ்டர்டே' (1965) மெட்டு அவருக்குக் கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சொற்கள் அமையும் வரை, முட்டைப் பொரியலைப் பற்றிய ஏதோ ஒரு வரியைப் போட்டுப் பாடி வந்தார். நம் திரையிசையிலும் மெட்டு முதலில், பாட்டு பிறகு என்பதுதானே பெரும்பாலான வழக்கம்? அந்தப் பாட்டில் அவருடைய குரலும் கிட்டாரும் நான்கு தந்தி வாத்தியங்களும் மட்டுமே இருக்கின்றன. ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் துயரம் வந்து சேர்ந்துவிடும்.

இருப்பினும், பிடித்துப்போன பாட்டின் வரிகளை ஒருமுறையாவது எழுத்தில் பார்த்துவிடுங்கள். போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' (1983) மெட்டின் மென்மையை நம்பி, அதைத் திருமண வரவேற்புகளில் ஒலிக்க விடுகிறார்கள். விலகிப் போன ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் கண்காணித்துக்கொண்டிருக்கும் பொறாமைக்காரனின் பாட்டு அது. எழுதிய ஸ்டிங்கே அவ்வாறு விளக்கியிருக்கிறார். மெட்டுக்கும் பொருளுக்கும் இடையே இப்படி ஒரு பிளவு இருப்பது பாட்டின் சிறப்பு, ஆனால் மணமக்களுக்கு ஏற்றதன்று.

கேள்வி: எனக்குப் பிடித்த பழைய பாடல்களைப் பதினைந்து வயது மகளுக்குக் கேட்கக் கொடுத்தால், இரண்டு வரியிலேயே மாற்றிவிடுகிறாள். என்ன செய்யலாம்?
- வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நாற்பது பாடல்களை ஒரே நேரத்தில் அனுப்பினால் யாருமே கேட்க மாட்டார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் போகும்போது, உங்கள் பாட்டு ஒன்று, அவள் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். அவளுடைய கொரியப் பாட்டு ஓடும்போது நீங்களும் முழுக் கவனத்தோடு கேட்டு, எந்த இடம் அவளுக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். அவள் தாளத்தைச் சொன்னால் அடுத்து 'பில்லி ஜீன்' போடுங்கள், குரல்கள் அடுக்கடுக்காக வருவதைச் சொன்னால் 'பொஹீமியன் ராப்சொடி' போடுங்கள். உங்கள் முறை வரும்போது பாட்டின் வரலாற்றை விளக்கத் தொடங்க வேண்டாம். "இந்த கிட்டார் வரும் வரை பொறுத்திரு" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதற்கும் அவள் மாற்றினால் மாற்றட்டும், தாப்பா ஊரைத் தாண்டிய பிறகு வேறொன்றைப் போட்டுப் பாருங்கள்.