டாக்டரிடம் கேளுங்கள்: ரிப்போர்ட்டை அவரிடமே காட்டுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறுநீரகக் கோளாறு பற்றியவை. நோய் கணவருக்கு, எழுதியிருப்பவர் மனைவி. மூன்று கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கேட்டதற்கும் பதில் இவற்றுக்குள்ளேயே இருக்கும்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம். வீட்டுக்காரருக்கு 52 வயது, விவசாயம். ரொம்ப வருஷமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். கால் வீங்கியிருக்கிறதே என்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் 2.8 என்று வந்தது. தெரிந்தால் இடிந்துபோய்விடுவார் என்று அவரிடம் 'உப்பு கொஞ்சம் கூட இருக்காம்' என்று மட்டும் சொல்லி, ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டோம். எனக்கும் மகனுக்கும்தான் விஷயம் தெரியும். சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த சூரணத்தைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு சுகர் தானாக இறங்கி 80, 90 என்று வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு சூரணத்தையே கொடுக்கலாமா? வயலில் இருந்து வந்தால் முட்டி வலிக்கு மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார், அதைத் தவிர அவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

பதில்: அம்மா, போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே அந்த முட்டி வலி மாத்திரை, அதிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நல்ல சிறுநீரகம் அதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும், ஏற்கெனவே சுகரால் அடிபட்டது சமாளிக்காது. அதிலும் நாள் முழுக்க வெயிலில் நின்று வேர்த்து, உடம்பில் தண்ணீர் வற்றிப்போன நேரத்தில் அதைப் போட்டால் பாதிப்பு இன்னும் அதிகம். நடவு, அறுப்பு சமயத்தில் டெல்டாவில் இந்த மாத்திரை எப்படி விற்கிறது என்று எனக்குத் தெரியும், பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிறது. இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வலி தாங்கவில்லை என்றால் அளவாக பாரசிட்டமால் போடலாம், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாத்திரையை நிறுத்தியதும் சிலருக்குக் கிரியேட்டினின் கொஞ்சம் இறங்குவதுண்டு, அதனால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது சூரணம். சுகர் இறங்கியதை நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள், எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. இன்சுலினை உடம்பிலிருந்து கழிக்கிற வேலையில் சிறுநீரகத்துக்கும் முக்கியப் பங்கு உண்டு. அதன் வேலை குறையக் குறைய இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் ரத்தத்தில் அதிக நேரம் தங்கிவிடும், சுகர் தானாக இறங்கும். சுகர் குணமாகிவிட்டது என்று ஊரே நம்புகிற நேரத்தில் உள்ளே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பதை எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன். விடியற்காலையில் சட்டை நனைகிற மாதிரி வேர்ப்பது, கை நடுக்கம், சம்பந்தமில்லாமல் பேசுவது இதெல்லாம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அதே அளவில் தொடரவும் வேண்டாம், இந்த வாரமே டாக்டரைப் பார்த்து அளவை மாற்ற வேண்டும். 52 வயது ஆணுக்கு 2.8 என்றால் சிறுநீரகம் ஏறக்குறைய கால் பங்குதான் வேலை செய்கிறது என்று கணக்கு வருகிறது, அந்த நிலையில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. சூரணத்தில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாதபோது அதை நிறுத்திவிடுவதுதான் நல்லது. சில கலவைகளில் ஈயம், பாதரசம் இருந்து அதுவே சிறுநீரகத்தைக் கெடுத்ததும் உண்டு.

இப்போது பீரோவில் இருக்கிற ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதை எடுத்து அவர் கையில் கொடுங்கள். அவர் மேல் உள்ள பாசத்தில்தான் மறைத்தீர்கள், புரிகிறது. ஆனால் விஷயம் தெரியாத மனிதர் நாளைக்கும் மெடிக்கலுக்குப் போய் அதே மாத்திரையைத்தானே கேட்பார்? நீங்கள் சோற்றில் உப்பைக் குறைத்தால் அவர் ஊறுகாயை எடுத்துக்கொள்வார், ஏன் கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையே. கடன், விளைச்சல், மேட்டூர் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கியவர் இதையும் தாங்குவார். இன்னும் டயாலிசிஸ் கட்டத்துக்கு வரவில்லை, பிரஷரையும் சுகரையும் கட்டுக்குள் வைத்தால் அதைப் பல வருஷம்கூடத் தள்ளிப்போட முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருவாரூரோ தஞ்சாவூரோ, எது கிட்டமோ அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்களும் மகனும் போய் வரிசையில் நிற்க வேண்டாம். ஊசி, ரத்தம் எடுப்பது எல்லாம் இனிமேல் அவர் அதிகம் புழங்குகிற கையில், அதுவும் புறங்கையில் இருக்கட்டும். பின்னால் டயாலிசிஸ் தேவைப்பட்டால் அதற்கு மற்றக் கையின் ரத்தக் குழாய் கெடாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், காப்பீட்டு அட்டையில் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ ஏறித்தான் போகிறார், அங்கே நர்ஸ் என்னைத்தான் திட்டுகிறார். வீட்டில் தண்ணீர் கொடுக்காவிட்டால் அவர் சண்டை போடுகிறார். மாமியார் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் கிட்னிக்கு நல்லது என்று கொடுக்கிறார். என்னதான் சமைப்பது?

பதில்: முதலில் வாழைத்தண்டையும் இளநீரையும் நிறுத்துங்கள், அத்தையிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அவர் கேள்விப்பட்டது சிறுநீரகக் கல்லுக்கான வைத்தியம். இது வேறு நோய். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், கழிக்க முடியாத உடம்பில் அது ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடும். முன்னறிவிப்பு பல நேரம் இருக்காது, சிலருக்குக் கை கால் துவண்டு போகும். அப்படித் துவண்டால் அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று பாக்கெட்டில் விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, வாங்காதீர்கள். காயைப் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளியுங்கள். சோறும் குக்கர் வேண்டாம், நம் பழைய முறைப்படி கஞ்சியை வடியுங்கள், அந்தக் கஞ்சியை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

நாலு கிலோ என்றால் நாலு லிட்டர் தண்ணீர். ஆனால் தண்ணீரைப் பூட்டி வைத்து இதைக் குறைக்க முடியாது, தாகத்தைத்தான் குறைக்க வேண்டும். தாகத்தைக் கிளப்புவது உப்பு. கருவாடு, அப்பளம், வடாம், மோர் மிளகாய், ஊறுகாய் இவை தட்டில் இருக்கும்வரை அவரால் தண்ணீர் கேட்காமல் இருக்க முடியாது, அது அவர் பிடிவாதம் இல்லை. காபி, ரசம், மோர், பழைய சோற்றுத் தண்ணீர் எல்லாம் தண்ணீர்க் கணக்குதான். முதல் நாள் எவ்வளவு சிறுநீர் போனதோ அதோடு அரை லிட்டர், பொதுவான கணக்கு இது, அவருக்கான அளவை டயாலிசிஸ் டாக்டர் சொல்வார்.

புரதத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். டயாலிசிஸுக்கு முன்னால் குறைக்கச் சொன்னதை வைத்து இன்னும் பலர் பத்தியச் சோறே போடுகிறார்கள், டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புரதம் கூடுதலாக வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, புது மீன் இரண்டும் கொடுக்கலாம்.

அப்புறம், நர்ஸ் உங்களைத் திட்டுவது நியாயமில்லை. எடை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி, தினமும் காலையில் அவரே ஏறி நின்று அவர் கையாலேயே நோட்டில் எழுதட்டும். அந்த நாளுக்கான தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள், காபி குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து குறைத்துக்கொள்ளட்டும். இனி 'நீ தர மாட்டேங்கிற' என்ற சண்டைக்கு இடமில்லை. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துப் போட்ட இணைப்பு, இருக்கிற கையை அவரே தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும்: மணிக்கட்டுத் தழும்புக்குச் சற்று மேலே மற்றக் கையின் மூன்று விரலை மெதுவாக வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க, ஊசி போட விடக்கூடாது, கனமும் தூக்கக்கூடாது.

இரண்டு முறை போதுமா, மூன்று முறை வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலானவர்களுக்கு மூன்றுதான் சரி. பஸ்ஸில் அலைந்துவர முடியவில்லை என்றால் வயிறு வழியாக வீட்டிலேயே செய்கிற டயாலிசிஸ் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளும் கொடுக்கிறார்கள், 104-க்கு போன் செய்து விசாரியுங்கள்.

கேள்வி: எனக்கு 34 வயது, மயிலாடுதுறை. என் கணவருக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க நினைக்கிறேன். ரத்த வகை வேறாக இருந்தால் முடியாது என்கிறார்கள். அவரோ வேண்டவே வேண்டாம் என்கிறார். அவருக்குத் தெரியாமல் டெஸ்ட் எடுத்துவைக்கலாமா?

பதில்: தங்கச்சி, மறைத்துச் செய்ய வேண்டாம், சட்டப்படி முடியவும் முடியாது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் மனைவி நெருங்கிய உறவுதான், கொடுக்கலாம். ஆனால் சம்மதம் இரண்டு பக்கமும் வேண்டும். ரத்த வகை வேறாக இருந்தாலே முடியாது என்பதும் சரியில்லை. ஓ வகைக்காரர் யாருக்கும் கொடுக்கலாம், பொருந்தாத ஜோடிகள் இரண்டு தங்களுக்குள் மாற்றிக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டீர்களா? உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயமாக இருந்தால், கொடுப்பவருக்கு என்னென்ன சோதனை செய்வார்கள், எந்தக் காரணத்துக்கெல்லாம் மறுத்துவிடுவார்கள் என்பதை டாக்டர் வாயால் அவர் கேட்க வேண்டும். உங்களுக்கு சுகரோ யூரினில் புரதமோ இருந்தால் உங்களிடமிருந்து எடுக்க மாட்டார்கள். இந்தப் பேச்சு முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் அரசுப் பட்டியலில் அவர் பெயரை மாற்று அறுவை செய்கிற மருத்துவமனை வழியாகப் பதிந்துவிடுங்கள். வரிசை நீளமானது, தாமதிக்காதீர்கள். இரண்டு பேரின் ரத்த வகையையும் உங்கள் சுகர், பிரஷர் அளவுகளையும் குறித்து மறுபடி எழுதுங்கள், முடிந்தால் அவரையும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.