கொரங்காட்டில் ஒரு பகல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிப் புல்வெளியைத் தொலைக்காட்சியில் பார்த்த என் மாணவர்கள், அதுபோன்ற இடம் நம் பக்கத்தில் உண்டா என்று கேட்கிறார்கள். அவர்களை ஒருநாள் அழைத்துச் சென்று விலங்குகளையும் பறவைகளையும் காட்ட எந்தச் சரணாலயம் பொருத்தமானது?
– பள்ளி ஆசிரியை, மூலனூர்.

பதில்: மூலனூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களே என்பதுதான் எனக்கு வியப்பு. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, அவற்றின் அடியில் கொழுக்கட்டைப் புல் விரிந்து கிடக்கும் உங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காடு, புவியியல் பாடத்தில் ‘சவானா’ என்று வரும் நில அமைப்பை அப்படியே ஒத்தது. மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி வானத்தை மறைக்காமல், வெயில் தரைவரை இறங்கிப் புல்லை வளர்க்க வேண்டும். அதுவே இதன் இலக்கணம். செரெங்கெட்டியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மாடு போன்ற விலங்குகள் மழை பெய்யும் திசையெல்லாம் நடந்து அந்தப் புல்லை மேய்கின்றன. தாராபுரம், காங்கேயம் வட்டாரத்தில் அந்த வேலையைக் காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் செய்கின்றன. எந்தக் காட்டை எப்போது திறந்துவிடுவது, எப்போது படல் சாத்திப் புல்லைத் தழைக்க விடுவது என்று நிலத்தின் உரிமையாளரான காட்டுக்காரர் முடிவு செய்கிறார்.

சிங்கம் இல்லையே என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். முயலும் கீரியும் உறுதியாகக் கிடைக்கும். நரி, அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வெளிமான் பார்த்தே தீர வேண்டுமென்றால் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு உட்பட்டது என்பதால் வனத்துறையின் அனுமதியின்றி நுழைய முடியாது. என்னைக் கேட்டால், முதல்முறை செல்லும் மாணவர்களுக்கு, ஜீப்பில் உட்கார்ந்து மான் தேடுவதைவிடக் கொரங்காட்டில் நடப்பதே அதிகம் கற்றுத்தரும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் விதை பிடித்திருக்கும் மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. காட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, விடியும் நேரத்தில் வேலியோரம் நின்றுவிடுங்கள். முதலில் கேட்பது கௌதாரியின் குரலாகத்தான் இருக்கும். வேலியின் உச்சியில் கீச்சானும், மின்கம்பியில் பனங்காடையும், பட்டுப்போன கிளையில் கருந்தோள் பருந்தும் உட்கார்ந்திருக்கும். இவை தாமாகவே கண்ணில் படுபவை. புல்வெளிக்கே உரிய பறவைகளோ தரையில் வாழ்பவை, மண்ணின் நிறத்தையே உடுத்தியவை. ஆகவே மரத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை அன்று விட்டுவிட்டு, மேய்ந்து தேய்ந்த சரளை மேட்டைத் தொலைநோக்கியால் மெதுவாகத் துழாவச் சொல்லுங்கள். சாம்பல் தலை வானம்பாடி அங்கேதான் பதுங்கியிருக்கும். அதன் ஆண் பறவை செங்குத்தாக மேலே ஏறி, இறக்கையை மடக்கிக் கல்லைப் போல விழுந்து, தரையைத் தொடுவதற்குள் மறுபடி எழும்பி, சீழ்க்கையடித்தபடி இதையே திரும்பத் திரும்பச் செய்து காட்டும்.

காலை வெயில் ஏறியதும் கல்கௌதாரிகள் குட்டைக்கு நீர் குடிக்க வரும். உலர்ந்த விதையைத் தின்று வாழும் இப்பறவைகளில், ஆண் பறவை தன் வயிற்றுச் சிறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு பறந்து போய்க் குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஊட்டும். இதைக் கண்ணால் காண்பது அரிது, ஆனால் கதையாகச் சொன்னாலே பிள்ளைகள் குட்டையை விட்டு நகர மாட்டார்கள். அவர்கள் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உச்சி வெயிலில் எதுவும் நடக்காது. வெள்வேல மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். அப்போது மேயும் ஆடு மாடுகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். உண்ணிக்கொக்குகள் கால்களுக்கிடையே நடந்து, கலைந்தெழும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும். கரிச்சான் செம்மறியின் முதுகிலேயே ஏறிச் சவாரி செய்யும். மாலையில் பூனைப்பருந்துகள் புல் நுனியை உரசுவது போலத் தாழப் பறந்து இரை தேடும். மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகும் இவை, இரவில் மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையிலேயே தங்குகின்றன. எனவே இருட்டும் முன் புல்லை விட்டு வெளியேறிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் சார்பில் இத்தகைய மேய்ச்சல் காடுகளில் மரக்கன்று நட்டால் பறவைகள் பெருகும் அல்லவா?
– வாசகர், காங்கேயம்.

பதில்: மயிலும் காக்கையும் பெருகலாம்; வானம்பாடியும் கல்கௌதாரியும் போய்விடும். மரம் நெருங்கினால் நிழல் விழுந்து புல் மெலியும். பருந்துக்கும் காக்கைக்கும் உட்கார இடம் கிடைப்பதால், தரையில் முட்டையிடும் பறவைக்குப் பாதுகாப்பு குறையும். சீமைக்கருவேலம் புகுந்து அடர்ந்துவிட்ட காடுகளில் நடப்பதைப் பார்த்தாலே இது புரியும். மஞ்சள் மூக்கு ஆட்காட்டி கோடையில் வெறும் தரையில், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும் இடத்தில்தான் முட்டையிடுகிறது. அதற்குத் தேவை அந்த வெட்டவெளியே. உங்கள் சங்கத்தின் உழைப்பைப் பட்டுப்போன கிளுவை வேலியைப் புதுப்பிக்கவும், சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றவும் செலவிடலாம். மனைக்கும் சூரிய மின் பலகைக்கும் நிலத்தைக் கேட்டு வருபவர்கள் இருக்கும்போது, மேய்ச்சல் கட்டுப்படியாகவில்லை என்று காட்டுக்காரர் கைவிட்டால் இந்தப் பறவைகளுக்குப் போக்கிடம் இல்லை. ஆதலால் ஆடு மாடு வளர்ப்பவருக்குச் செய்யும் உதவி எதுவும் பறவைக்குச் செய்யும் உதவிதான்.

கேள்வி: சொந்தப் பட்டா நிலத்தில் கௌதாரி, காடை பிடிப்பது தவறா? கடைகளில் காடை விற்கிறார்களே?
– வாசகர், வெள்ளகோவில்.

பதில்: தவறு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கு விலக்கு அளிக்கவில்லை; கௌதாரியையும் காட்டுக் காடையையும் பிடிப்பதும் விற்பதும் குற்றமே. கடையில் கிடைப்பது பண்ணைகளில் வளர்க்கப்படும் ஜப்பானியக் காடை.