வீட்டிலேயே தியானம் தொடங்குவதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

பள்ளி செல்லும் 2 குழந்தைகளோடும் வயதான மாமியாரோடும் சிறிய வாடகை வீட்டில் இருக்கும் நீங்கள், காலையில் அலுவலகம் கிளம்புவதற்கு முன் தியானம் பழக விரும்புவதாகவும், தனி இடம், இருக்கை, இசை ஆகியவற்றில் எதை முதலில் ஏற்பாடு செய்வது என்று புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே சூழலில் 2013-ஆம் ஆண்டு திருச்சியில் தொடங்கி இன்றுவரை உட்கார்ந்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால், நீங்கள் கண் மூடி உட்காரும் அந்தச் சில நிமிடங்களில் அடுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதை வீட்டில் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் 2 மாதங்கள் நான் யாரிடமும் சொல்லாமல்தான் செய்தேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குக்கரை ஏற்றிவிட்டு, படுக்கையறை மூலையில் சுவரைப் பார்த்து உட்காருவேன். ஆனால் கவனம் மூச்சில் நிற்காது. மூன்றாவது விசில் வந்துவிட்டதா, பால்காரர் மணி அடித்தாரா, மேல்நிலைத் தொட்டி நிறைந்து வழிகிறதா என்று காது முழுவதும் வெளியிலேயே இருக்கும். உடல் மட்டும் உட்கார்ந்திருக்க, மனம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் இருட்டில் நான் அப்படி உட்கார்ந்திருப்பதை மாமியார் பார்த்துவிட்டார். இரண்டு நாள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "ஏம்மா, மனசுல ஏதாவது கஷ்டமா? எங்களையெல்லாம் விட்டுட்டுப் போற நெனப்பு எதுவும் இல்லையே?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நம் வீடுகளில் ஒருவர் தனியாகக் கண் மூடி உட்கார்ந்தால் அது துக்கமாகவோ துறவாகவோதான் பொருள்படுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று இரவே அவரையும் கணவரையும் உட்காரவைத்து, நான் செய்வது என்ன, எவ்வளவு நேரம், எதற்காக என்று சொன்னேன். பால் காய்ச்சுவதையும் மோட்டார் போடுவதையும் கணவர் ஏற்றுக்கொண்டார், குழந்தைகள் எழுந்தால் பார்த்துக்கொள்வதாக அத்தை சொன்னார், குக்கரை 5.30-க்குப் பிறகுதான் ஏற்றுவது என்று ஆயிற்று. அதற்கு மறுநாள் காலை 5.10 முதல் 5.30 வரை உட்கார்ந்ததைத்தான் நான் என் முதல் தியானமாகக் கருதுகிறேன்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி யோகத்துக்கு வகுத்த எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவதாகத்தான் வருகிறது என்பதையும், பிறருக்குத் தீங்கு செய்யாமை, வாய்மை முதலிய இயமங்களே, அதாவது ஒழுக்க நெறிகளே முதலில் வருகின்றன என்பதையும் பின்னாளில் அறிந்தபோது, வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் அந்த வரிசைக்குள் அடங்குவதாகவே எனக்குத் தோன்றியது.

அடுத்தது உடல். இதைத்தான் பெரும்பாலோர் எளிதாக எடுத்துக்கொண்டு துன்பப்படுகிறார்கள். படங்களில் பார்த்தபடி பத்மாசனத்தில்தான் உட்கார வேண்டும் என்று நினைத்து, வளையாத காலை வலிந்து தொடைமேல் ஏற்றி 3 வாரங்கள் உட்கார்ந்ததில் என் இடது முழங்கால் வீங்கிவிட்டது. இடுப்பு மூட்டு வெளிப்புறமாகப் போதிய அளவு திரும்பாதவர்கள் பாதத்தை மேலே இழுக்கும்போது அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். சாதாரணச் சம்மணமே போதும். ஆனால் சோபாவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் பழகிவிட்ட நமக்கு அதுவும் உடனே கைகூடுவதில்லை. ஆகவே, தினமும் ஒரு வேளையாவது தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்குங்கள். ஒரு மாதத்தில் இடுப்பும் தொடையும் எவ்வளவு இளகிவிடுகின்றன என்பதை நீங்களே உணர்வீர்கள். குழந்தைகளும் கூடவே உட்காருவார்கள்.

உட்காரும்போது பிட்டம் முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். முழங்கால்கள் இரண்டும் தரையைத் தொட வேண்டும். அப்போது இடுப்பெலும்பு சற்றே முன்னோக்கிச் சாய்ந்து, முதுகெலும்பு தன் இயல்பான வளைவோடு தானாகவே நிமிர்ந்து நிற்கும். தசைகளை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. இதற்கென்று விலை உயர்ந்த இருக்கை தேவையில்லை. நான்காக மடித்த பவானி ஜமுக்காளத்தின் மேல், பயன்படுத்திப் பயன்படுத்தி இறுகிப்போன ஓர் இலவம்பஞ்சுத் தலையணையை வைத்துத்தான் இத்தனை ஆண்டுகளும் உட்கார்ந்து வருகிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில், பாதங்கள் இரண்டும் தரையில் நன்றாகப் படியும்படி, முதுகைச் சாய்க்காமல் உட்காரலாம்; அதில் எந்தக் குறையும் இல்லை. கால் மரத்துப்போனால் அஞ்ச வேண்டாம். நரம்பு அழுந்துவதால் ஏற்படுவது அது, காலை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் முழங்காலுக்குள் குத்தும் வலியைப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இடம் என்று தனி அறை வேண்டியதில்லை. தினமும் அதே மூலையாக இருந்தால் போதும். இசையும் ஊதுபத்தியும் தேவையில்லை. வீட்டில் யாருக்காவது இளைப்பு இருந்தால் புகை கெடுதலும்கூட. தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, சமையலறையில் பயன்படுத்தும் சிறிய டைமரை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்ப்பதற்காகக் கண் திறக்கும் பழக்கம் வந்துவிட்டால் அதை விடுவது கடினம். அதிகாலையில் வயிறு காலியாக இருக்கும். மாலையில் உட்கார்ந்தால் சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். இரவு 10 மணிக்குப் படுக்க முடியாத வீட்டில் அதிகாலைத் தியானம் தூக்கமாகத்தான் முடியும் என்பதால், காலைக்கான ஏற்பாட்டை இரவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முறையைப் பொறுத்தவரை, ஒன்றைத் தேர்ந்துகொண்டு 3 மாதங்களாவது மாற்றாமல் பழகுங்கள். யாரிடமும் கற்காமல் தொடங்குவதானால், மூக்கு நுனியில் மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் அதன் போக்கிலேயே கவனித்து, ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒன்றாகப் பத்து வரை எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் பயிற்சி பாதுகாப்பானது. எண்ணிக்கை தவறுவது தோல்வி அன்று; தவறியதைக் கண்டுகொண்டு ஒன்றுக்குத் திரும்புவதுதான் பயிற்சியே. மூச்சை அடக்கும் கும்பகத்தை மட்டும் ஆசிரியர் இல்லாமல் செய்ய வேண்டாம். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. நேரில் கற்க விரும்பினால், வேதாத்திரி மகரிஷி உருவாக்கிய மனவளக்கலையைக் கற்பிக்கும் மன்றங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே புருவ நடுவில் கவனத்தை வைக்கும் ஆக்கினைத் தவத்துக்கான தீட்சையில் தொடங்கிப் படிப்படியாகக் கற்றுத் தருவார்கள். எஸ். என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில், மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கும் விபாசனா தியான முகாம்களும் உண்டு. கட்டணம் இல்லை என்றாலும், 10 நாள் மௌனத்தில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் உட்கார வேண்டிய கடுமையான பயிற்சி அது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டிலிருந்து அதை முதல் அடியாக எடுத்து வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ வேறு மனநலச் சிக்கலுக்கோ நீங்கள் சிகிச்சையில் இருந்தால், தொடங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அமைதியாக உட்காரும்போது பழைய வேதனைகள் சிலருக்கு மேலெழுந்து வருவது உண்டு. அப்படி வந்தால் கண்ணைத் திறந்து, எழுந்து நடந்து, நெருங்கியவர் ஒருவரிடம் பேசுங்கள். தொடர்ந்து வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முதல் வாரம் 10 நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். நாள் தவறாமல் உட்காருவது பழகிய பிறகு நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யார் பார்த்துக்கொண்டாலும் சின்னக் குழந்தை சில நாள் உங்களைத் தேடி வந்துவிடும். அப்போது அதட்டி அனுப்ப வேண்டாம். என் மகள் நான்கு வயதில் அரைத் தூக்கத்தில் நடந்து வந்து, ஒன்றும் பேசாமல் மடியில் ஏறிப் படுத்துக்கொள்வாள். அவள் மூச்சையும் என் மூச்சோடு சேர்த்துக் கவனித்தபடி, டைமர் ஒலிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.