ஆண்டு மாறினால் பதிவை நீக்க வேண்டுமா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் நீங்கள் பேட்டி கண்ட மூதாட்டி, கணவர் இறந்த ஆண்டை ஆய்வின் முதல் சுற்றுப் பேட்டியில் 2012 என்றும் அடுத்ததில் 2015 என்றும் சொன்னதால் அவரது பதிவையே நீக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். நிகழ்வை அவர் மறக்கவில்லை, ஆண்டுதான் நழுவுகிறது. பழைய நிகழ்வு அண்மையில் நடந்ததுபோல் முன்னே நகர்ந்து வருவது ஆய்வாளர்கள் நன்கறிந்த பிழை. ஆண்டைக் கேட்காமல் அடையாளத்தைக் கேளுங்கள்: சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ மறைந்த 2015 மார்ச்சுக்கு முன்பா, பின்பா? பேரன் அப்போது பள்ளியில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்திருந்தானா?

எனக்கு அதிகச் சந்தேகம் தருபவை மனச்சோர்வு, கடன், குடும்பச் சண்டை போன்ற பதில்கள்தாம். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பாட்டி வாய் திறப்பார்? தனியாகக் கேளுங்கள். (மூவறை வீட்டில் கடினம்தான், மருமகள் ஈரச்சந்தைக்குப் போகும் நேரம் பாருங்கள்.)

இரண்டு ஆண்டுகளையும் கோப்பில் வைத்து, முரணைத் தனி மாறியாக (தரவில் ஒரு தனிப் பத்தியாக) குறியுங்கள். நீக்கத் தொடங்கினால் நினைவு தளர்ந்தவர்களே அதிகம் விடுபடுவார்கள். நீங்கள் ஆய்வுக்கு எடுத்த மாதிரிக் குழு ஆரோக்கியமானவர்கள் பக்கம் சாய்ந்துவிடும்.