தோசைக்கல்லை எங்கே வைப்பது?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு ஆறு பேர் படுக்கக்கூடிய மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கிரேட் ஓஷன் ரோடு வழியாக அடிலெய்டு வரை பத்து நாள் போகிறோம். மாமனார் வெளிச் சாப்பாடு சாப்பிட மாட்டார். அதனால் இரும்பு தோசைக்கல், 5 லிட்டர் குக்கர், 10 கிலோ அரிசி மூட்டை, 5 லிட்டர் எண்ணெய் கேன், டேபிள்டாப் கிரைண்டர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். படத்தில் பார்த்தால் தலைக்கு மேல்தான் நிறைய அலமாரி இருக்கிறது. அதில் வைத்து மூடிவிட்டால் போதுமா?
– ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: போதாதும்மா. மேல் அலமாரியில் அப்பளம், மசாலா பாக்கெட், பிளாஸ்டிக் தட்டு, பிள்ளைகளின் சிப்ஸ், இவ்வளவுதான் ஏறலாம். அந்தக் கதவில் இருக்கிற சின்னக் கொக்கி கதவு ஆடாமல் இருப்பதற்கு, இரும்பைத் தாங்குவதற்கு அல்ல.

நாங்கள் முதல்முறை போனபோது தோசைக்கல்லை அடுப்புக்குக் கீழே உள்ள இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன், கீழேதானே இருக்கிறது என்ற தைரியத்தில். ஒரு ரவுண்டானாவில் வண்டி வலப்பக்கம் வளைந்ததும் இழுப்பறை தானாகத் திறந்து, கல் வெளியே வந்து விழுந்து, தரையில் வழுக்கிக்கொண்டே போய் எதிரே வாசல்படியில் இடித்து நின்றது. படியின் ஓரம் பெயர்ந்துவிட்டது. என் மகளின் கால் அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அன்றைக்கு வண்டி மெதுவாகத்தான் போனது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதினால், கட்டாமல் வைத்த பாத்திரம் மூன்று மாடி உயரத்திலிருந்து விழுகிற பாத்திரத்தின் வேகத்தில் முன்னால் பாயும். முன்னால் உட்கார்ந்திருப்பது நம் ஆட்கள்.

சரி, எங்கே வைப்பது? சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் உள்ள இருக்கைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள், கீழே பெட்டி மாதிரி இடம் இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், தரையோடு தரையாக இருக்கிற அந்த இடம்தான் கனமான சாமானுக்கு. அதிலும் சமையல் மேடையும் ஃபிரிட்ஜும் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்கமாகப் பார்த்து வையுங்கள், வண்டி ஒருபக்கமாகச் சாயாது. தண்ணீர்க் குழாயோ ஹீட்டரோ அதே பெட்டிக்குள் ஓடினால் அதன்மேல் பாரம் ஏற்றாதீர்கள். சிலிண்டர் வைக்கும் அறையில் மட்டும் எதையும் திணிக்கவே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் இறங்கும், அது வெளியேறத்தான் அங்கே தரையில் துளை விட்டிருக்கிறார்கள். ஒரு அரிசிப் பை அதை அடைத்துவிடும்.

அரிசியை மூட்டையாகக் கொண்டுபோகாமல் 2 கிலோ பைகளாகப் பிரித்துக் கட்டுங்கள். பெட்டியின் அடியில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய துண்டில் சுற்றிய தோசைக்கல் படுத்த வாக்கில், பக்கத்தில் குக்கர், குக்கருக்குள் பருப்பு, மிச்ச இடுக்கில் எல்லாம் அரிசிப் பை. கையால் அசைத்துப் பாருங்கள், ஒன்றும் நகரக் கூடாது. அரிசியை விட நல்ல முட்டு கிடையாது. குக்கர் வெயிட்டைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் தேடியே பாதி நாள் போய்விடும். எண்ணெய் 5 லிட்டர் எதற்கு? வழியில் ஜீலாங்கிலும் வார்னம்பூலிலும் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது, ஒரு லிட்டர் பாட்டிலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கனம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெரும்பாலான வாடகை வண்டிகளில் 240 வோல்ட் பிளக் பாயின்ட் இரவு வண்டியை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கில் வயர் மாட்டினால்தான் வேலை செய்யும். மாவை அரைத்து, கெட்டியான பைகளில் தட்டையாக ஃப்ரீசரில் வைத்து எடுத்துப்போங்கள். டப்பாவில் என்றால் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், வண்டி ஆட்டத்திலும் வெயிலிலும் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும்.

இன்னொன்று, கிளம்பும்போது அடுப்பின்மேல் ஒரு டம்ளர்கூட இருக்கக் கூடாது, சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். லோர்ன் ஊரைத் தாண்டியதும் சாலை முழுக்க வளைவு, வண்டியை நிறுத்திச் சரிசெய்ய எல்லா இடத்திலும் வாய்ப்புக் கிடைக்காது.

கேள்வி: எங்களுடையது சொந்த மோட்டார்ஹோம், மொத்த எடைக்கு 3,500 கிலோ வரம்பு. பின்னால் பெரிய டிக்கி இருக்கிறது. மளிகை முழுவதையும் அதில்தான் அடுக்குகிறேன். தவறா?
– ஒரு வாசகர், லண்டன்

பதில்: இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பாதீர்கள். பின் சக்கரத்துக்கு 2 மீட்டர் பின்னால் 50 கிலோ வைத்தால், முன் பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் உள்ள வண்டியில் பின் அச்சின்மேல் 75 கிலோ ஏறும், முன் அச்சில் 25 கிலோ குறையும். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரிதான், ஒரு முனை இறங்கினால் மறுமுனை ஏறும். ஸ்டீயரிங் லேசாகி, மழையில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. டிக்கியில் நாற்காலி, படுக்கை மாதிரி லேசானவை போகட்டும், மளிகை நடுவுக்கு வரட்டும். தண்ணீர்த் தொட்டியையும் கணக்கில் சேருங்கள், 100 லிட்டர் என்றால் 100 கிலோ. எல்லாம் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்தபிறகு எடைமேடைக்குப் போய் முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டில் மூன்றுக்கும் வரம்பு போட்டிருக்கும். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மீறியிருந்தால், அந்தப் பயணத்துக்கு முதலில் டிக்கியைத்தான் காலி செய்ய வேண்டும்.